பதுளைப் பாதையும் காமன் களமும்

போக்குவரத்தின் வரலாறு எழுதப்படும்போது பாதையை அமைத்த பொறியியலாளர், அதற்குப் பணம் ஒதுக்கிய அரசு, அதன் வழியே ஏற்றப்பட்ட பண்டம் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. கலையின் வரலாறு எழுதப்படும்போதோ அரண்மனை, ஆலயம், நகரம் என்பன முன்னிற்கின்றன. இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடத்தில் வாழ்ந்த மக்கள் இரண்டிலும் இடம்பெறாது போய்விடுகின்றனர். ஊவா மாகாணத்துப் பெருந்தோட்ட மக்கள் அத்தகையோர் ஆவர். அவர்களைச் சுமந்து வந்ததும், பின்னர் அவர்களுட் பலரைச் சுமந்து சென்றதும் புகையிரதமே. அவர்கள் தம்முடன் கொணர்ந்து காத்த கூத்தும் பாட்டும் பறையும் மலையகத் தமிழர் கலைமரபின் அடித்தளமாக அமைந்தன. ஊவாவின் இருப்புப்பாதைக்கும் தோட்டத்துக் கலைக்கும் இடையே நிலவிய தொடர்பை வரலாற்று முறையில் நோக்குவதும், அத்தொடர்பு இன்று எமக்கு உணர்த்துவது யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைக்காக வந்த பாதை

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. அக்காலத்தில் மலைநாட்டின் செல்வம் கோப்பியாகவே இருந்தது. மாட்டு வண்டிகளில் நாட்கணக்கிற் கொண்டுசெல்லப்பட்ட கோப்பி மூட்டைகளை விரைவாகத் துறைமுகம் சேர்ப்பதற்கென்றே தோட்டத்துரைமார் இருப்புப்பாதையை வேண்டி நின்றனர்.

ஆயின் பாதை ஊவாவை எட்டுமுன்னரே கோப்பியின் காலம் முடிந்துவிட்டது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியேயாகும். அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் அந்நோய் மலைநாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப் போட்டது. பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தபோது அதன் இருமருங்கும் தேயிலை தலையெடுத்துவிட்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டு, பதுளை அதன் தலைநகராயிற்று. ஊவாத் துரைமாரின் நீண்டகாலக் கிளர்ச்சியின் பின் பாதை மேலும் நீட்டப்பெற்று, 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் சென்றடைந்தது. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தில் தோமஸ் லிப்டன் 1890இல் தேயிலைத் தொழிற்சாலை அமைத்திருந்தமையை இங்கு இணைத்து நோக்கலாம். முதலீடு முன்னே சென்றது. பாதை அதனைப் பின்தொடர்ந்தது.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குள்ள தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றரே. அத்தூரத்தைக் கடக்க இருப்புப்பாதைக்கு 30 ஆண்டுகள் தேவைப்பட்டன. செங்குத்தான சரிவுகளும், இடையே மூண்ட முதலாவது உலகப் போரும் அதற்குக் காரணங்களாயின. ஈற்றில் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி பதுளைப் புகையிரத நிலையம் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து 290 கிலோமீற்றர் நீளும் மலைநாட்டுப் பாதை அத்துடன் முற்றுப்பெற்றது. 2024இல் அதற்கு நூறாண்டு நிறைந்தது.

தகரத் துண்டும் கூத்துப் பாட்டும்

தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியையும் நாம் அறிதல் வேண்டும். தொடக்கத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தே வந்தனர். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, தலைமன்னாரிலிருந்து இருப்புப்பாதையும் இணைக்கப்பட்டபோது வழிநடைப் பயணம் வண்டிப் பயணமாயிற்று. மண்டபம் முகாமில் பதிவுசெய்யப்பட்டு, கடல் கடந்து, வடக்குப் பாதை வழியே பொல்காவலைச் சந்தியை அடைந்து, அங்கிருந்து மலையேறும் வண்டியில் வந்து சேர்வதே பின்வந்தோரின் வழியாக அமைந்தது.

இப்பயணத்தின் விலையை அவர்களே செலுத்தினர் என்பது கருதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறிக்கப்பட்ட சிறு தகரத் துண்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டது. கழுத்தில் தொங்கிய அத்தகரமே வண்டிக்குரிய அனுமதிச் சீட்டு. செலவைத் தோட்டம் முதலிற் செலுத்தும். பின்னர் அது கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். கடன் தீரும்வரை கங்காணியின் 'துண்டு' இன்றி வேறு தோட்டம் செல்லவும் இயலாது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது. எமது நகரங்களிற் பொதுப் போக்குவரத்து என்பது குடிமகனின் நடமாட்டச் சுதந்திரத்தைக் குறிக்கும். தோட்டத் தொழிலாளிக்கோ அவன் ஏறிய முதல் வண்டியே அவனைப் பிணித்த முதற் கடனாயிற்று.

ஆயினும் அவ்வண்டியில் ஏறியவை உடல்கள் மட்டுமல்ல. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த அம்மக்கள் தம் ஊர்த் தெய்வங்களையும், தெய்வங்களுக்குரிய கூத்துக்களையும், தாலாட்டையும் ஒப்பாரியையும் நெஞ்சிற் சுமந்து வந்தனர். கொங்குநாட்டுக் கதையாகிய பொன்னர் சங்கர், பாரதக் கதையாகிய அருச்சுனன் தபசு, சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்த மன்மதனைப் பாடும் காமன் கூத்து ஆகிய மூன்றும் மலையகத்தின் முதன்மையான கூத்துக்களாக வேரூன்றின. தமிழகத்தில் வெவ்வேறு வட்டாரங்களுக்கு உரியனவாயிருந்த இவை ஒரே தோட்டத்து லயங்களிற் கூடி வாழ நேர்ந்தமை வரலாற்றின் விளைவாகும். பல ஊர்களிலிருந்து வந்தோரை ஓர் ஊராராக ஆக்கிய பணியில் மாரியம்மன் திருவிழாவுக்கும் கூத்துக்கும் பெரும் பங்குண்டு.

மேளகாரனும் தலைப்பாகையும்

எல்லவிற்கும் தெமோதரவிற்கும் இடையே இருப்புப்பாதை காட்டும் விந்தைகள் இரண்டு. ஒன்று, ஒன்பது வளைவுகளைக் கொண்ட கற்பாலம். ஏறக்குறைய 24 மீற்றர் உயரமும் 91 மீற்றர் நீளமும் உடைய இப்பாலம் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டப்பட்டது. மற்றையது, தெமோதர வளைவு. இங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கின்றது.

இவ்விரண்டைப் பற்றியும் ஊவா மக்களிடையே செவிவழிக் கதைகள் வழங்குகின்றன. வெலிமடைப் பகுதியைச் சேர்ந்த அப்புஹாமி என்பவர் மேளமடிப்பதிலும் பேயாட்டச் சடங்கிலும் வல்ல கலைஞர் என்றும், அவர் ஓர் ஆங்கில அதிகாரியைத் தற்செயலாகச் சந்தித்து நட்புக் கொண்டமையால் பாலம் கட்டும் பொறுப்பைப் பெற்றார் என்றும் ஒரு கதை கூறுகின்றது. பாதையை எவ்வாறு இறக்குவது எனத் திகைத்து நின்ற பொறியியலாளர் விமலசுரேந்திரா, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு வளைவின் வடிவத்தைக் கண்டுகொண்டார் என்பது மற்றைய கதை.

இக்கதைகளை ஆவணச் சான்றுகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அவை பிறந்த மனநிலை ஆராயத்தக்கது. ஒன்றிற் சிங்களக் கிராமத்து மேளக் கலைஞன் முதன்மை பெறுகின்றான். மற்றதில் தமிழ்த் தோட்டத்துத் தலைப்பாகை முதன்மை பெறுகின்றது. அரசாங்க ஏடுகளிற் காணப்படும் பாதையின் வரலாற்றில் தமக்கோர் இடமில்லை என உணர்ந்த இரு சமூகத்தவரும், 'எம் கைத்திறனும் இதில் உண்டு' எனக் கூறிக்கொண்ட குரலாகவே இக்கதைகளை நாம் கொள்ளலாம். பெயர் எழுதப்படாத உழைப்பாளி கதையில் தன் பெயரை எழுதிக்கொள்கின்றான். இருப்புப்பாதையையும் உள்ளூர்க் கலைஞனையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் ஊவாவுக்குப் புதியதன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

கதவில்லாக் கலைக்கூடம்

மலையகக் கூத்துக்களுட் காமன் கூத்தின் அமைப்பு இங்கு விரிவாக நோக்கத்தக்கது. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளிற் காமன் கம்பம் நடப்படுகின்றது. அன்றுமுதல் கூத்தில் ஆடுவோர் விரதம் பூணுவர். நாள்தோறும் வேலை முடிந்து, கொழுந்துக்கூடை இறக்கி, இரவுணவு முடித்தபின் கம்பத்தைச் சுற்றிப் பாட்டும் தப்பும் ஒலிக்கும். வாத்தியார் பாடிக் கொடுப்பார். இளைஞர் கேட்டுக் கற்பர். பகலில் மலையிற் கவ்வாத்து வெட்டியவனே இரவில் மன்மதன். அவனுடன் முள்ளுக்குத்திய மற்றோர் ஆடவனே ரதி. ஒப்பனையும் உடையும் லயத்து அறைகளிலேயே ஆயத்தமாகும். குழந்தைகள் வாசலில் நின்று இவற்றையெல்லாம் பார்த்தே வளரும். கலை உருவாகும் முறை பார்வையாளனிடமிருந்து மறைக்கப்படுவதில்லை.

கூத்து நிகழும் இரவில் தோட்டம் முழுவதும் அரங்காகின்றது. ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடைபெறும். மணமக்கள் தப்பு முழங்க லயம் லயமாகச் செல்வர். வீட்டார் அவர்களை வரவேற்பர். பார்ப்போர் ஓரிடத்தில் அமர்ந்திருக்க ஆடுவோர் மேடையில் நிற்பது நகர நாடகத்தின் முறை. இங்கோ ஆட்டம் பார்ப்போனின் வாசலைத் தேடி வருகின்றது. அவனும் திருமணத்துக்கு வந்த உறவினனாகி ஆட்டத்தினுட் சேர்ந்துவிடுகின்றான். குறவன் குறத்தி, கோமாளி முதலியோர் வந்து நகைச்சுவை செய்வர். அந்நகைச்சுவையில் அவ்வத் தோட்டத்து நடப்புக்களும் இடம்பெறுவதுண்டு.

நள்ளிரவின் பின் கதை வேறொரு தன்மை எய்துகின்றது. சிவனின் தவத்தைக் கலைக்குமாறு மன்மதன் ஏவப்படுகின்றான். தீக்கனாக் கண்ட ரதி அவனைப் போகவேண்டாமெனத் தடுக்கின்றாள். அவனோ மேலிடத்து ஆணையை மீற இயலாதவனாய்ப் புறப்படுகின்றான். வீரபத்திரனும் எமனும் ஆவேசத்துடன் தோன்றுவர். நெற்றிக்கண் திறக்கக் காமன் எரிகின்றான். ரதியின் புலம்பல் எழும்போது கூத்து நாடகமாயிராது துக்கவீடாகவே மாறிவிடுகின்றது. பின்னர் ரதியின் வேண்டுதலால் மன்மதன் மீண்டும் உயிர்பெற்றெழுவதோடு சடங்கு நிறைவுறும்.

இக்கதை தமிழகத்திலும் ஆடப்படுவதே. ஆயின் 'போகாதே' என்று தடுக்கும் மனைவியும், ஆணைக்குக் கட்டுப்பட்டுப் போய் எரியும் கணவனும் தோட்ட மக்களின் நெஞ்சில் எத்தகைய பொருளைப் பெற்றிருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஊர் நீங்கி வந்தபோதும், தோட்டம் மாறியபோதும், பின்னர் நாடு மாறியபோதும் அவர்கள் அறிந்த துயரம் ரதியின் துயரமே. கூத்து அவர்களுக்கு வாழ்க்கையிலிருந்து விலகியதொரு பொழுதுபோக்கன்று. தம் வாழ்க்கையைப் பொருள்படுத்திக் கொள்வதற்கு அவர்கள் பெற்றிருந்த மொழியே அது எனலாம்.

தப்பின் இரு குரல்கள்

கூத்தை இயக்கும் கருவி தப்பு. தோட்ட வாழ்வில் அதற்கு வேறொரு பணியும் இருந்தது. விடியுமுன் லயங்களைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைக்க அடிக்கப்பட்டதும் தப்பே. ஆகவே ஒரே தோற்கருவி காலையில் துரையின் கட்டளையையும் இரவில் மக்களின் கலையையும் ஒலித்தது. மரண வீட்டிலும் திருவிழாவிலும் அதுவே முழங்கிற்று. மகிழ்ச்சி, துயரம், வேலை ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு அடிகள் உண்டு. அவற்றைக் காதாற் கேட்ட மாத்திரத்தே நிகழ்ச்சி இன்னதென்பதைத் தோட்டத்தார் அறிவர்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தப்படித்தல் குறிப்பிட்ட சாதியினரின் தொழிலாகவே கருதப்பட்டது. கருவியைப் போற்றிய சமூகம் அதனை அடித்தவனைப் போற்றவில்லை. அதனாற் கல்வி பெற்ற இளைஞர் பலர் தம் தந்தையர் அடித்த தப்பைத் தொட மறுத்தனர். அம்மறுப்பு தன்மான உணர்விற் பிறந்தது. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. தமிழகத்திற் பின்னர் எழுந்த தலித் எழுச்சியில் அதே கருவி பறை என்னும் பெயருடன் விடுதலையின் குறியாக மீட்கப்பட்டமையும் நாம் அறிந்ததே. எனவே 'பாரம்பரியக் கலையைப் பேணுக' என்று எளிதாக முழங்குமுன், யார் அடிக்க யார் கேட்பது என்னும் வினாவுக்கு விடை கூறுதல் அவசியமாகின்றது. கலையைக் காப்பது என்ற பெயரிற் பழைய இழிவையும் சேர்த்துக் காப்போமாயின், அது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகவே முடியும்.

பாட்டு, கிளர்ச்சியின் கருவியாகவும் பயன்பட்டது. 1930களில் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கப் பணியாற்றிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்களுக்குப் பழகிய மெட்டுக்களில் தாமே பாடல் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாத் தொழிலாளர்க்கு அப்பாட்டே பத்திரிகை ஆயிற்று. 1940இல் பதுளைப் பகுதியின் வெவஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் எழுந்து நாடறிந்த செய்தியானபோது, ஊவாத் தொழிலாளி அரசியலிலும் தன் குரலைப் பதிவு செய்துவிட்டான்.

பிரித்துச் சென்ற வண்டி

1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபின் புதியோர் வருகை நின்றது. தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர்களே கலையின் முழு உரித்தாளராயினர். கலை நிலைபெற்ற அக்காலத்திலேயே அதன் மக்கள் நிலையிழந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டங்களும் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேர் எனக் கணிக்கப்பட்ட அம்மக்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். அவர்களின் விருப்பம் பேச்சுவார்த்தை மேசையிற் கேட்கப்படவில்லை.

அன்று அவர்களை மலையிலிருந்து இறக்கியதும் அதே புகையிரதமே. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹற்றன் நிலையங்களில் ஏறியோர், தம் பாட்டனார் வந்த வழியே தலைமன்னார் சென்று கப்பலேறினர். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்த கொடுமைகள் நிகழ்ந்தன. புகையிரத மேடைகள் ஒப்பாரிக் களங்களாயின. கூத்துக்கு வாத்தியார் ஒருவர். அவர் போய்விட்டாற் பாட்டும் போய்விடும். மன்மதனாக ஆடியவன் மண்டபம் முகாமிலும் ரதியாக ஆடியவன் ஊவாவிலும் இருக்கக் கூத்து எவ்வாறு நிகழும்? மக்கள் தொகையின் இழப்பைப் புள்ளிவிபரம் கூறும். கலைக்குழுக்கள் சிதைந்த கதையைக் கூற எந்த அட்டவணையும் இல்லை.

இதனை அடுத்து 1977இன் வன்செயலும், 1983 யூலை 27ஆந் திகதி பதுளை நகரத்தையே எரித்த வன்செயலும் எஞ்சியோரின் அச்சத்தைப் பெருக்கின. வன்னிக்கும் தமிழகத்துக்கும் மேலும் பலர் பெயர்ந்தனர். இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்றோர் நிலைக்கு முடிவு கண்டது. இத்தனை இடர்களுக்கிடையிலும் காமன் கம்பம் மாசி தோறும் தோட்டங்களில் நடப்பட்டு வந்தமை வியப்புக்குரியது. 1983இல் தம் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பை வெளியிட்ட சி. வி. வேலுப்பிள்ளையும், அவர் வழியிற் பின்னர் உழைத்த சாரல்நாடன், மாத்தளை வடிவேலன் முதலியோரும் இவ்வாய்மொழிச் செல்வத்தை எழுத்தில் ஏற்றிய நன்றிக்குரியோராவர்.

நகரங்களின் திறந்த கூடங்கள்

இந்நிலையில் உலகின் பிற நகரங்களில் நிகழ்வதையும் ஒப்பு நோக்குவோம். சான் பிரான்சிஸ்கோ நகரில் 1975 முதல் ஆண்டுதோறும் ஓவியரும் சிற்பியரும் தம் வேலைக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றனர். வாரவிறுதியில் மக்கள் நடந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் கூடம் கூடமாகச் செல்வர். சில நகரங்களில் அந்நாட்களில் இக்கூடங்களை இணைக்கும் இலவச வண்டிகளும் விடப்படுகின்றன. கலை செல்வரின் மாளிகைக்கும் காட்சியகத்துக்கும் மட்டும் உரியதன்று, கலைஞன் அயலவன், அவனிடம் பொதுவண்டியிலே செல்லலாம் என்பதே இம்முயற்சிகளின் உட்பொருளாகும். மொஸ்கோவில் 1935இல் திறக்கப்பட்ட நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களும், 1950களிலிருந்து கலைப்படைப்புக்களால் அணிசெய்யப்பட்ட ஸ்டொக்ஹோம் நிலையங்களும் பயணியையே கலையின் பார்வையாளனாக ஆக்கின.

எமக்கு அண்மையிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும் சென்னைக்கு அருகே அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத் தம் சொந்தக் காலில் நின்றது. கொழும்பில் 1993இல் தொடங்கப்பெற்ற 'கலா பொல' என்னும் கலைச்சந்தை, ஓவியரை வீதியோரத்துக்குக் கொணர்ந்தது. அது கூடும் வீதி ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கியது என்பது பொருத்தமே. 1908இல் வெளியான தம் பெருநூலில், அழிந்துகொண்டிருந்த கண்டிச் சிங்களக் கைவினைஞரின் திறனை அவர் உலகறியச் செய்தார். அந்நூலின் எல்லைக்குள் தோட்டத்து லயங்கள் வரவில்லை. அதே மலைகளில், அதே ஆண்டுகளில் வாழ்ந்த வேறொரு கலைமரபு தன் குமாரசுவாமிக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகத்தின் பணியையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) ஆகியவற்றை மேடையேற்றி, மட்டக்களப்புக் கூத்து மரபுக்குக் கற்றோரிடையே மதிப்பை ஈட்டிக் கொடுத்தார். அப்பேராதனைச் சந்தியைக் கடந்தே பதுளை வண்டி நாள்தோறும் மலையேறிற்று. அவ்வண்டி சென்றடையும் தோட்டங்களின் கூத்துக்கு அத்தகைய மதிப்புக் கிட்டப் பல்லாண்டுகள் சென்றன.

இன்று உலகெங்குமிருந்து வரும் உல்லாசப் பயணிகள் எல்லவின் பாலத்தில் நின்று படமெடுக்கின்றனர். படத்திலே பாலமும் தேயிலையும் விழுகின்றன; கொழுந்தெடுக்கும் பெண்ணும் சிலவேளை காட்சிப்பொருளாக விழுகின்றாள். அவள் பாடும் பாட்டு விழுவதில்லை. ஹந்தானையில் 2001இல் தொடங்கிய தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்கள் பேணப்படுகின்றன. தொழிலாளியின் பொருள்களும் ஆவணங்களும் பேணப்படுவதற்கோ, கம்பளைக்கு அண்மையிலுள்ள பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றில் 2007இல் அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகம்வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது.

செய்யத்தக்கன

நகரங்கள் இன்று புதுமையெனக் கொண்டாடும் திறந்த கலைக்கூடம் தோட்ட மக்களுக்குப் புதியதன்று என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். காமன் கூத்தில் ஒவ்வொரு லயமும் திறந்த கூடமே. இல்லாதது கலையன்று, அதனை நாடிச் செல்லும் அயலவரே இல்லாதவர். எனவே மாசி மாதத்தில் அப்புத்தளை முதல் பதுளை வரையுள்ள நிலையங்களை அண்டிய தோட்டங்கள் தம் கூத்தை நிகழ்த்தும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்கவும், ஏனைய ஊர் மக்கள் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் சென்று காணவும் வழிசெய்தல் ஏற்றதாகும். மாணவர் கூட்டமொன்று இவ்வாறு செல்லுமாயின், நூலகத்தில் ஓராண்டு கற்பதை ஓரிரவிற் கற்கலாம்.

ஆயினும் மூன்று நெறிகள் பேணப்படல் வேண்டும். முதலாவது, கூத்து எப்போது, எவ்வளவு, எவர்முன் ஆடப்படும் என்பதைத் தோட்டத்துக் கலைஞரே தீர்மானித்தல். விரதத்தோடு கூடிய சடங்கை உல்லாசப் பயணியின் நேர அட்டவணைக்கேற்ப வெட்டிச் சுருக்குவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். இரண்டாவது, தப்பு அடிப்பவனுக்கு உரிய மதிப்பும் ஊதியமும்; விரும்புவோர் எவரும், ஆணும் பெண்ணும், எச்சாதியினரும் அதனைக் கற்க உரிமை. மூன்றாவது, முதிய வாத்தியார்களின் பாடல்களை அவர்தம் இசைவுடன் ஒலிப்பதிவு செய்து, பதிவின் படியொன்றை அத்தோட்டத்துப் பாடசாலையிலேயே வைத்தல். கொண்டுசென்று திருப்பித் தராத ஆய்வு, கொழுந்தைக் கொண்டுசென்ற வண்டியினின்றும் வேறுபட்டதன்று.

இப்பணி காலந்தாழ்த்தக்கூடியதன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் மக்களோடு மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயலின் பெருமழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல உயிர்களைக் கொண்டதுடன் மலைநாட்டு இருப்புப்பாதையையும் சேதப்படுத்திற்று. பாதுகாப்பான வீடும் நிலவுரிமையும் இல்லாத மக்களிடம் கலையை மட்டும் காக்கும்படி கோருவது நியாயமாகாது. லயம் சரியுமாயின் காமன் கம்பம் நடுவதற்கு நிலமும் இராது. ஆதலின் கலை பேணல் என்னும் கோரிக்கை, காணியும் வீடும் என்னும் கோரிக்கையிலிருந்து பிரிக்க இயலாதது.

இருப்புப்பாதை சேதமுற்றால் அதனைச் செப்பனிடத் திணைக்களம் உண்டு, திட்டவரைபு உண்டு, பொறியியலாளர் உண்டு. ஒரு வாத்தியாரோடு அழிந்த கூத்தைச் செப்பனிட அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. தேயிலையை இறக்குவதற்கென அமைந்த பாதை, ஒரு நூற்றாண்டின் பின்னராவது, அத்தேயிலையை விளைவித்தோரின் வாசலுக்கு எம்மை ஏற்றிச் செல்லட்டும். அவ்வண்டியில் ஏறவேண்டியோருள் முதல்வர், பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவராகிய நாமே.